எத்ருஸ்கர்: வந்தவர்களா, இருந்தவர்களா?

கடலோடி

இத்தாலியில் டைபர், ஆர்னோ என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவே, ரோம் தலையெடுக்கும் முன்பே பெருநகரங்கள் எழுப்பி, எல்பா தீவின் இரும்பை உருக்கி விற்று, கடலைக் கையில் வைத்திருந்தவர்கள் எத்ருஸ்கர்கள். 2021இல் வந்த மரபணு ஆய்வுக்குப் பிறகு "அவர்கள் உள்ளூர்க்காரர்கள், வழக்கு முடிந்தது" என்று பலரும் எழுதுகிறார்கள். முடியவில்லை என்பதே என் கட்சி. கி.மு. 1200ஐ ஒட்டி, அனடோலியாவின் (இன்றைய துருக்கி) மேற்குக் கரையிலிருந்தோ அதையொட்டிய ஈஜியன் தீவுகளிலிருந்தோ ஒரு கூட்டம் இத்தாலிக்கு வந்தது. எத்ருஸ்க மொழி அவர்களோடு கப்பலில் வந்த மொழி.

பண்டைக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொல்வது இது. மேற்கு அனடோலிய நாடான லிடியாவில் அத்திஸ் மன்னன் காலத்தில் பஞ்சம். ஒரு நாள் சாப்பாடு, மறுநாள் பசி தெரியாமலிருக்கப் பகடை, மூட்டெலும்புக் காய், பந்து. இப்படியே 18 ஆண்டுகள். அதற்குமேல் தாங்காமல் மன்னன் சீட்டுப்போட்டு மக்களை இரண்டாகப் பிரித்தான். ஒரு பாதியை அவன் மகன் திர்ரேனோஸ் ஸ்மிர்னாவில் கப்பலேற்றி இத்தாலியின் அம்பிரியர் நாட்டுக்குக் கூட்டிப்போனான்.

இந்தக் கதையை அப்படியே நம்பச் சொல்லவில்லை. கதையைத் தூக்கி வைத்துவிட்டாலும் மூன்று சான்றுகள் மிஞ்சுகின்றன. ஒன்று, ஈஜியன் கடலில் உள்ள லெம்னோஸ் தீவின் கமினியாவில் 1885இல் கிடைத்த கல். எத்ருஸ்கத்துக்கு நெருங்கிய மொழியில், கி.மு. 6ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது. இரண்டு, எகிப்திய மன்னன் மெர்னெப்தாவின் 5ஆம் ஆட்சியாண்டுக் கர்னாக் கல்வெட்டு (ஏறத்தாழ கி.மு. 1208). கடலிலிருந்து வந்த படைகளில் "த்ர்ஷ்" என்ற மக்களையும் அது எண்ணுகிறது. மூன்று, எத்ருஸ்கர்களுக்குக் கிரேக்கர் வைத்த பெயரான திர்சேனோய். கிசிக்கேனோஸ், அபிதேனோஸ் என்று ஊர்க்காரர்களுக்குப் பெயரிடும் அந்த "ஏனோஸ்" ஈறு வடமேற்கு அனடோலியாவின் வழக்கம். மூன்றும் ஒரே திசையைக் காட்டுகின்றன.

தாழிக்காடு

திசை காட்டுகின்றன, சரி. வந்து இறங்கிய தடம் எங்கே என்று நான் கேட்கிறேன்.

தர்க்குவினியா, வேயி, வுல்ச்சி, செர்வெத்தேரி, வொல்தேர்ரா, பொப்புலோனியா, பொலோஞ்ஞா. பேர்பெற்ற எத்ருஸ்க நகரம் எதைத் தோண்டினாலும் அடியில் வில்லனோவா எனப்படும் தொடக்க இரும்புக்காலப் பண்பாட்டின் அடுக்கு. கி.மு. 900 அளவில் தொடங்கும் அந்த அடுக்கில் பிணத்தை எரித்து, சாம்பலை இரண்டு கூம்புகளை வாயோடு வாய் ஒட்டினாற்போன்ற தாழியில் இட்டு, கிண்ணத்தாலோ தலைக்கவசத்தாலோ மூடி, குழிக்குள் வைத்தார்கள். தாழிக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு கைப்பிடி. இரண்டு கைப்பிடியோடு செய்த தாழியிலும் ஒன்றை உடைத்துவிட்டுத்தான் வைப்பார்கள். 8ஆம் நூற்றாண்டில் எரிப்பதோடு புதைப்பதும் சேர்கிறது, சாடிகளில் கிரேக்க வடிவங்கள் வருகின்றன, 700ஐ ஒட்டி எழுத்து வருகிறது. அந்த எழுத்தில் முதல் சொல்லே எத்ருஸ்கம். நடுவில் எரிந்த அடுக்கு இல்லை, ஊர் காலியான இடைவெளி இல்லை. அதே இடுகாட்டில், அடுத்தடுத்த வரிசையில், பேரன் குழி தாத்தா குழிக்குப் பக்கத்தில்.

வில்லனோவாவுக்கு முன்பு, 12 முதல் 10ஆம் நூற்றாண்டு வரை, ஐந்தாறு ஹெக்டேர் அளவில் சிறிய மலையூர்கள். 900ஐ ஒட்டி அவற்றில் பல கைவிடப்பட்டு, நூறு ஹெக்டேருக்கும் பெரிய சமவெளி மேடுகளில் மக்கள் குவிகிறார்கள். இது பெரிய மாற்றம்தான். ஆனால் பானையும் சடங்கும் பழைய ஊரிலிருந்து புதிய ஊருக்கு அப்படியே போகின்றன.

ஹெரோடோட்டஸ் பிறந்த அதே ஹாலிகார்னாசஸ் ஊரில் நானூறு ஆண்டு பின்னால் வந்த வரலாற்றாசிரியர் டயோனிசியஸ் ஹெரோடோட்டஸின் கதையை அன்றே மறுத்தார். லிடியாவின் சொந்த வரலாற்றாசிரியர் ஸாந்தஸ், அத்திஸின் பிள்ளைகள் லிதோஸ், தொரேபோஸ் என்கிறார். திர்ரேனோஸ் என்ற பெயரே அவரிடம் இல்லை. எத்ருஸ்கர்களின் மொழியும் தெய்வங்களும் சட்டமும் லிடியரோடு ஒட்டவில்லை என்றும் டயோனிசியஸ் எழுதினார்.

உறவு கொண்டாடுவதில் அன்றைக்கு ஆதாயமும் இருந்தது. கி.பி. 26இல் திபேரியஸ் பேரரசனுக்குக் கோயில் கட்டும் உரிமைக்கு 11 ஆசிய நகரங்கள் ரோமின் அவையில் போட்டியிட்டன. லிடியத் தலைநகரமான சார்திஸ், எத்ருஸ்கர்கள் தங்களை இரத்த உறவென்று ஒப்புக்கொண்ட தீர்மானத்தையே எடுத்து வாசித்தது. கோயில் என்னவோ ஸ்மிர்னாவுக்குத்தான் போனது.

கடலோடி

டயோனிசியஸ் மட்டும் நடுநிலையா? ரோமர்கள் கிரேக்க வழி வந்தவர்கள் என்று நிறுவுவதுதான் அவர் நூலின் வேலை. அதற்கு எத்ருஸ்கர்கள் கிரேக்கத் தொடர்பே இல்லாத மண்ணின் மக்களாக இருந்தாக வேண்டும். லெம்னோஸ் பற்றி அவரையும் ஹெரோடோட்டஸையும்விட நம்பத்தக்க சாட்சி கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ். ஆதோஸ் முனையில் வாழ்ந்த கலப்பு மக்களைப் பற்றிச் சொல்லும்போது, ஒருகாலத்தில் லெம்னோஸிலும் ஏதென்ஸிலும் குடியிருந்த திர்சேனோய் அவர்களில் இருந்தார்கள் என்று போகிறபோக்கில் எழுதுகிறார். எதையும் நிறுவ எழுதிய வரி அல்ல அது. அதனால்தான் அதற்கு எடை அதிகம்.

வேர்ச்சொல்

கடலோடி, முதலில் லிடியாவைக் கீழே வைத்துவிடுங்கள். அதைச் சுமந்துகொண்டு உங்கள் கட்சி கரையேறாது.

லிடிய மொழி நமக்குத் தெரியும். ஹித்தைத், லூவியம் என்ற பண்டை அனடோலிய மொழிகளுக்கு உறவான இந்தோ ஐரோப்பிய மொழி. சார்திஸில் கிடைத்த லிடிய, அராமெய இருமொழிக் கல்வெட்டுதான் அதைத் திறந்த சாவி. அதில் தந்தை "தாடா", தாய் "ஏனா", மனைவி "கானா", நான் "அமு". எத்ருஸ்கத்தில் தந்தை "அபா", தாய் "அதி", மனைவி "புயா", நான் "மி". பெயர்ச்சொல்லோடு உருபுகளை அடுக்கும் முறையும் வேறு. ஒரே ஊரில் பிரிந்த இரண்டு பாதிகள் இப்படிப் பேச வழியே இல்லை.

லெம்னோஸ் கல் அப்படியல்ல. அது உண்மையான உறவு. ஈட்டியும் கேடயமும் ஏந்திய ஒரு வீரனின் பக்கவாட்டு உருவம், சுற்றிலும் 198 எழுத்துகள், சொற்கள் 33இலிருந்து 40க்குள். சொல்லுக்குச் சொல் புள்ளி வைத்துப் பிரித்திருந்தாலும் எல்லா இடத்திலும் இல்லை. அதனால்தான் எண்ணிக்கை மாறுகிறது. அதில் "அவிஸ் சியால்க்விஸ்" என்று வருகிறது. எத்ருஸ்கக் கல்லறைகளில் இறந்தவரின் வயதைச் சொல்லும்போது "அவில்ஸ்", பிறகு "ஸெயால்க்ல்ஸ்". அவில் என்றால் ஆண்டு. அடுத்தது பத்தின் மடங்கு.

சொல் ஒற்றுமையைவிட எனக்குப் பெரிதாகப் படுவது உருபு. லெம்னோஸில் "ஹொலாயே-சி ஃபொக்கியசி-யாலே". எத்ருஸ்கத்தில் "லார்த்தி-யாலே ஹுல்க்னியே-சி", அதாவது லார்த் ஹுல்க்னியே என்பவருடைய காலத்தில். பெயர்ச்சொற்கள் இரண்டு வகை, ஒன்று "சி" எடுக்கும், இன்னொன்று "யாலே" எடுக்கும், பொருள் ஒன்றே. ஒரு மொழி இன்னொன்றிடம் சொல்லைக் கடன் வாங்கும். இப்படி வகைக்கு ஒன்றாய்ப் பிரிந்த உருபு இணையைக் கடன் வாங்காது. எனவே இரண்டும் ஒரு தாய் மக்கள்.

ஆனால் உறவு என்றால் திசை தெரிந்துவிட்டது என்று பொருள் இல்லை. கிழக்கிலிருந்து மேற்கா, மேற்கிலிருந்து கிழக்கா என்பதைக் கல் தானாகச் சொல்லவில்லை.

திணைமாறன்

இடையில் ஒரு கேள்வி. அபா என்றால் தந்தை, அதி என்றால் தாய் என்கிறீர்கள். நமக்கு அப்பா, ஆத்தா. மகன் "க்லன்", மகன்கள் "க்லெனர்". நாம் மாந்தர், சிறுவர் என்போம். உயர்திணைப் பன்மைக்கு அங்கேயும் ரகரம்தான். நம்மைப் போலவே சொல்லோடு உருபைக் கோத்துக்கொண்டே போகும் மொழி. திராவிடத் தொடர்பு பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை?

வேர்ச்சொல்

பேசியிருக்கிறார்கள். நார்வே அறிஞர் ஸ்டென் கோனோ 1904லேயே எத்ருஸ்கத்தையும் திராவிடத்தையும் பக்கத்தில் வைத்துக் கட்டுரை எழுதினார். நிற்கவில்லை.

காரணம் இது. அப்பா, ஆத்தா போன்றவை குழந்தை வாயில் முதலில் வரும் ஒலிகள். ஹித்தைத்தில் "அத்தா" என்றால் தந்தை, பழைய ஜெர்மானிய மொழியான கோத்தியத்திலும் அதே. அவற்றைத் தராசில் வைக்கக்கூடாது. உருபைக் கோத்துக்கொண்டு போவது துருக்கிக்கும் ஜப்பானுக்கும் உண்டு. அது மொழியின் உடல்வாகு, இரத்தம் அல்ல. ஒற்றை மெய்யெழுத்தில் அமைந்த ஈறு ஒத்துப்போவது உலகில் எந்த இரு மொழியை எடுத்தாலும் நடக்கும்.

சோதிக்க வேண்டிய இடம் எண்ணுப்பெயர். எத்ருஸ்க எண்கள் நமக்குக் கிடைத்த வழியே அழகானது. ஆறு முகத்திலும் புள்ளிக்குப் பதிலாகச் சொல் எழுதிய ஒரு சோடிப் பகடை, 1848இல் எடுத்தது, இப்போது பாரிஸில். மக், த்ஸல், து, ஹுத், கி, ஷா. இதில் "கி" மூன்று என்பது உறுதி. எத்ருஸ்கத் துறைமுகமான பிர்ஜியில் 1964இல் எடுத்த பொற்றகடுகளில் எத்ருஸ்க வாசகம் "கி அவில்" என்கிறது. பினீசிய வாசகம் அரசனின் மூன்றாம் ஆண்டு என்கிறது. து ஒன்று, த்ஸல் இரண்டு, மக் ஐந்து. ஹுத்தும் ஷாவும் நாலும் ஆறுமாக எது எது என்று இன்னும் சண்டை. ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து என்பவற்றை இவற்றோடு வைத்துப் பாருங்கள். ஒரு சொல்லில் இந்த ஒலிக்கு அந்த ஒலி வந்தால் அடுத்த பத்துச் சொல்லிலும் அது மாறாமல் வர வேண்டும். இங்கே ஒன்றிலும் வரவில்லை.

கடலோடி

ஹுத் என்று தொட்டதால் சொல்கிறேன். ஏதென்ஸுக்கு வடகிழக்கே நாலூர்க் கூட்டத்துக்கு தெத்ராபொலிஸ் என்று பெயர். அதன் பழைய பெயர் ஹித்தேனியா என்று பைசாந்தியத்து ஸ்தெஃபானோஸ் குறித்திருக்கிறார். ஹுத் நாலு என்றால் அந்தப் பழம்பெயர் "நாலூர்" என்றே ஆகிறது. ஏதென்ஸிலும் திர்சேனோய் இருந்தார்கள் என்ற துசிடிடீஸ் வரியோடு இதைச் சேர்த்துப் படியுங்கள்.

வேர்ச்சொல்

அழகான ஊகம், ஆனால் வட்டமாகச் சுற்றுகிறது. ஹுத் நாலு என்பதற்கு ஹித்தேனியா சான்று. ஹித்தேனியா எத்ருஸ்கப் பெயர் என்பதற்கு ஹுத் நாலு என்பது சான்று. பகடையில் எதிரெதிர் முகங்கள் கூட்டினால் ஏழு வரும் என்ற விதியை எடுத்தால் சிலர் ஷா நாலு என்கிறார்கள். வேறொரு கால் கிடைக்கும்வரை இதன்மேல் பாரம் ஏற்ற முடியாது.

எலும்புத்தூள்

மரபணுப் பக்கம் வருகிறேன். அதில் எது தெரியும், எது தெரியாது என்பதைப் பிரிக்காமல் இரு தரப்பும் மேற்கோள் காட்டுகின்றன.

2007இல் இரண்டு ஆய்வுகள் கிழக்குக் கட்சிக்குக் கை கொடுத்தன. பழைய எத்ருஸ்க நிலமான தஸ்கனியில் இன்று வாழும் மக்களின் தாய்வழி மரபணுவைப் பார்த்ததில், முர்லோ என்ற சிற்றூரில் 17.5 விழுக்காடு அண்மைக் கிழக்கு (மேற்கு ஆசிய) வகை. தஸ்கனி மாட்டினங்களின் தாய்வழி மரபணுவும் அனடோலிய மாடுகளோடு நெருங்கியது. இரண்டுக்கும் ஒரே குறை. இன்றைய ஆளையும் இன்றைய மாட்டையும் பார்த்து மூவாயிரம் ஆண்டு முந்தைய பயணத்தைச் சொல்கிறோம். கலப்பு எந்த நூற்றாண்டில் நடந்தது என்று அந்த முறை காட்டாது. 2013இல் பழைய எலும்புகளின் தாய்வழி மரபணுவைச் சேர்த்துக் கணக்கிட்டபோது, தஸ்கனிக்கும் அனடோலியாவுக்குமான தொடர்பு குறைந்தது 5,000 ஆண்டு பழையது என்று வந்தது. அதாவது புதிய கற்கால உழவர் காலத்துக்குப் போய்விடுகிறது.

2021 ஆய்வு முழு மரபணுத் தொகுதி. 12 இடங்கள், 82 பேர், கி.மு. 800 முதல் கி.பி. 1000 வரை. காதின் உட்பகுதியைப் பொதிந்திருக்கும் கல்போன்ற எலும்பிலிருந்து, அது இல்லாதபோது பல்லிலிருந்து, சில பத்து மில்லிகிராம் தூள் எடுப்பார்கள். அதில் மனித மரபணுத் துணுக்குகளை மட்டும் தூண்டில் போட்டு இழுத்து, 12 லட்சத்துக்கும் மேற்பட்ட குறிப்பிட்ட இடங்களில் எழுத்து என்ன என்று படிப்பார்கள். துணுக்கின் நுனியில் சைட்டோசின் சிதைந்து தைமினாகத் தெரிகிறதா என்று பார்ப்பது கட்டாயம். அந்தச் சிதைவு இல்லையென்றால் தோண்டியவரின் கையிலிருந்து ஒட்டியதைப் படித்துக்கொண்டிருக்கிறோம் என்று பொருள்.

முடிவு: இரும்புக்கால எத்ருஸ்கர்களில் பெரும்பாலோர் பக்கத்து லத்தீனியர்களிடமிருந்து பிரித்தறிய முடியாதவர்கள். கருங்கடலுக்கு வடக்கே உள்ள ஸ்தெப்பிப் புல்வெளி மூதாதையர் பங்கு இருக்கிறது. ஆண்வழியில் ஐரோப்பாவின் மேற்கில் பரவிய ஆர்1பி வகைதான் அதிகம். அண்மையில் அனடோலியாவிலிருந்து கலந்த தடம் இல்லை. தனியாட்களாகச் சிலரிடம் வட ஆப்பிரிக்க, மத்திய ஐரோப்பிய வழி தெரிகிறது. துறைமுக ஊர்களில் அது இயல்பு. கிழக்கு மத்தியதரைக் கலப்பு பெருமளவில் நுழைவது ரோமப் பேரரசுக் காலத்தில். அப்போது மூதாதையர் பங்கில் ஏறத்தாழ பாதி மாறுகிறது. இன்றைய தஸ்கனியின் கிழக்கு வாசனைக்கு அதுவே போதிய விளக்கம்.

கடலோடி

எலும்புத்தூள், நீங்களே சொன்ன எண்ணைப் பிடித்துக்கொள்கிறேன். உங்கள் தொடக்கம் கி.மு. 800. நான் சொல்லும் வருகை 1200. நடுவில் நானூறு ஆண்டு.

நானூறு ஆண்டு என்ன செய்யும் என்பதற்கு அஷ்கெலோன் இருக்கிறது. இன்றைய இஸ்ரேல் கடற்கரையில் இருந்த பெலிஸ்தியர் நகரம். 2019 ஆய்வில் 10 பேரின் மரபணு. 12ஆம் நூற்றாண்டையொட்டி வீட்டுத் தரைக்கடியில் புதைத்த குழந்தைகளிடம் தெற்கு ஐரோப்பியக் கலப்பு தெளிவாகத் தெரிகிறது. அதே ஊரின் பிந்தைய இடுகாட்டில், இரண்டு நூற்றாண்டுக்குள், அது கரைந்து காணாமல் போய்விடுகிறது. பிந்தைய இடுகாடு மட்டும் கிடைத்திருந்தால் "பெலிஸ்தியர் உள்ளூர்க்காரர்கள், வழக்கு முடிந்தது" என்று நாம் எழுதியிருப்போம். எத்ருஸ்கர் நாடான எத்ரூரியாவில் நம் கையில் இருப்பது அந்தப் பிந்தைய இடுகாடு மட்டும்தான்.

எத்ரூரியாவின் நானூறு ஆண்டு ஏன் காலி? பிணத்தை எரித்தார்கள். தாழிக்காடு ஆசையோடு விவரித்த அதே சாம்பல் தாழிகள்தான் சான்றை விழுங்கியவை.

தாழிக்காடு

இந்த இழையிலேயே வலுவான வாதம் இதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அஷ்கெலோனை முழுதாகக் கொண்டுவாருங்கள்.

அங்கே வந்தவர்களை மரபணு கண்டுபிடிக்கவில்லை. அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே மண்வெட்டி கண்டுபிடித்துவிட்டது. வெண்கலக்காலக் கிரேக்கத்தின் மைசீனியப் பாணிச் சாடியை உள்ளூர்க் களிமண்ணில் வனைந்திருக்கிறார்கள். வீட்டு நடுவில் அடுப்புமேடை. தறிக்குத் துளையில்லாத களிமண் உருளைக் குண்டுகள். உள்ளூர்த் தறிக்குண்டுகளில் துளை இருக்கும். குப்பையில் பன்றி எலும்பு திடீரென்று கூடுகிறது. சமையல், நெசவு, சாப்பாடு எல்லாம் சேர்ந்து மாறினால் குடும்பமே குடிபெயர்ந்திருக்கிறது என்று பொருள். மாலுமி மட்டும் வந்தால் தறிக்குண்டு மாறாது.

எத்ரூரியாவில் 1200க்கும் 900க்கும் நடுவே இப்படி ஒரு தொகுப்பைக் காட்டுங்கள். லூனி சுல் மிஞோனே ஊரில் மைசீனியச் சில்லுகள் சில கிடைத்தன. அவற்றை வைத்து ஒரு காலத்தில் பெரிய கோட்டை கட்டினார்கள். அவை வணிகத்தில் வந்த சாடிகள், அதுவும் பல கை மாறி. அடுப்பு உள்ளூர், தறி உள்ளூர், சமையல் பானை உள்ளூர்.

இன்னொன்றும் யோசியுங்கள். பெலிஸ்தியர் மரபணு கரைந்தபோது அவர்கள் மொழியும் கரைந்தது. சில நூற்றாண்டில் பக்கத்து மொழியில் எழுதத் தொடங்கிவிட்டார்கள். ஆள் தொகை அவ்வளவு தெளிவாக இருந்த இடத்திலேயே மொழி நிற்கவில்லை. பானையில்கூடத் தடம் விடாத ஒரு சிறு கூட்டம், ஆர்னோவிலிருந்து டைபர் வரை அத்தனை ஊரையும் தன் மொழிக்கு மாற்றியது என்கிறீர்கள்.

கடலோடி

ஹங்கேரியில் நடந்ததே! கி.பி. 895இல் வந்த மாகியார் கூட்டத்தின் மரபணு இன்றைய ஹங்கேரியரிடம் மிகச் சிறிய பங்கு. மொழி முழுக்க அவர்களுடையது.

தாழிக்காடு

மாகியார் குதிரையோடும் சேணத்தோடும் வில்லோடும் புதைத்த கல்லறைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. வந்த தலைமுறை கண்ணுக்குத் தெரிகிறது. பின்னால் அரசும் திருச்சபையும் சேர்ந்து ஒரு நாட்டையே கட்டின. எத்ரூரியாவில் அந்த முதல் தலைமுறைக் கல்லறையைக் காட்டினால் அன்றே என் கட்சியை விட்டுவிடுவேன்.

கடலோடி

கல்லறைக்குப் பதில் ஈரல் காட்டுகிறேன். 1877இல் பியாசென்சா அருகே உழும்போது கிடைத்த வெண்கல ஆட்டு ஈரல். விளிம்பைச் சுற்றி 16 கட்டங்கள், உள்ளே இன்னும் பல, ஒவ்வொன்றிலும் ஒரு தெய்வத்தின் பெயர். பலி ஆட்டின் ஈரலை இடக்கையில் ஏந்தி, இதனோடு ஒப்பிட்டு, மரு எங்கே, வெடிப்பு எங்கே என்று குறி பார்ப்பார்கள். இதே வேலைக்கான களிமண் ஈரல்கள் பாபிலோனில் உண்டு, ஹித்தைத் தலைநகர் ஹத்துஷாவில் உண்டு. இத்தாலியின் வேறெந்த மக்களிடமும் இந்த முறை இவ்வளவு முழுமையாக இல்லை. தர்க்குவினியாவை நிறுவியதாகச் சொல்லும் தார்க்கோனின் பெயரில் லூவியரின் இடித்தெய்வம் தார்ஹுந்த் இருக்கிறான்.

தாழிக்காடு

ஹத்துஷாவின் ஈரல்கள் கி.மு. இரண்டாம் ஆயிரத்தாண்டு. பியாசென்சா ஈரல் கி.மு. 100ஐ ஒட்டியது. நடுவே ஆயிரம் ஆண்டுக்கு மேல். கி.மு. 720க்கும் 580க்கும் நடுவே எத்ரூரியா கிழக்கத்தியப் பொருள்களால் நிரம்பி வழிந்தது. செர்வெத்தேரியில் 1836இல் திறந்த ரெகொலினி கலாஸ்ஸி கல்லறையில் தங்கமும் பினீசிய வெள்ளிக் கிண்ணமும் யானைத்தந்தமும் குவிந்து கிடந்தன. பொற்கொல்லரும் தந்தச் செதுக்கரும் வந்த கப்பலில் குறி சொல்பவரும் வந்திருப்பார். ஒரு தொழில் பரவ ஒரு மக்களினம் இடம்பெயர வேண்டியதில்லை. தார்க்கோன் பற்றி வேர்ச்சொல் சொல்லட்டும்.

வேர்ச்சொல்

தார்க்கோன், தார்ஹுந்த் ஒலியளவில் பொருந்துகிறது. ஒரே ஒரு பெயர் என்பதால் அங்கேயே நிறுத்துகிறேன். "த்ர்ஷ்" பற்றியும் அதே. எகிப்தியர் உயிரெழுத்து எழுதமாட்டார்கள். மூன்று மெய்தான் கையில் இருக்கிறது. அம்பிரியர் தங்கள் இகுவிய வெண்கலப் பலகைகளில் எத்ருஸ்கர்களைத் "துர்ஸ்க" என்றார்கள், எனவே "துர்ஸ்" என்ற வேர் உண்மை. ஆனால் எத்ருஸ்கர் தங்களைச் சொல்லிக்கொண்டது "ரஸ்னா". பிறர் வைத்த பெயரை வைத்துப் பிறந்த ஊரைத் தேடுகிறோம் என்பதை மறக்கக்கூடாது.

நான் இரு கட்சியிலும் இல்லை. காரணம் ஆல்ப்ஸ் மலையில் இருக்கிறது. பொல்சானோ, மாக்ரே பகுதிகளில் ஏறத்தாழ 300 சிறு வாசகங்கள் ரேட்டிய மொழியில். எத்ருஸ்கத்தில் "ஸினாகே" என்றால் செய்தான், ரேட்டியத்தில் "தினாகே". "யாலே" உருபும் அங்கே இருக்கிறது. 1998இல் மொழியியலாளர் ஹெல்முட் ரிக்ஸ் எத்ருஸ்கம், ரேட்டியம், லெம்னியம் மூன்றையும் ஒரே குடும்பமாகக் கட்டினார். ரேட்டியர் என்பவர்கள் கெல்ட்டியரால் மலைக்கு விரட்டப்பட்ட எத்ருஸ்கர் என்று ரோம எழுத்தாளர் பிளினி எழுதியது காலக்கணக்கில் பொருந்தாது, அவர்கள் தனிக்கிளை. மூன்று கிளையில் இரண்டு இத்தாலிப் பக்கம் இருக்கிறது. கிழக்கிலிருந்து கப்பல் வந்தது என்றால் அதே கப்பல் ஆல்ப்ஸ் பள்ளத்தாக்குக்கும் போயிருக்க வேண்டும்.

இன்னொரு சிக்கலும் கல்லிலேயே இருக்கிறது. லெம்னோஸ் வாசகத்தின் "நாஃபோத்" என்ற சொல்லை எத்ருஸ்க "நெஃப்த்ஸ்", அதாவது பேரன், என்பதோடு சேர்ப்பார்கள். எத்ருஸ்கத்துக்கு அது வந்தது லத்தீன் "நெபோஸ்" பக்கத்திலிருந்து. இத்தாலியில் கடன் வாங்கிய சொல் ஈஜியன் தீவில் இருந்தால் கப்பல் எதிர்த்திசையில் போயிருக்கிறது. மொழியியலாளர் கார்லோ தெ சிமோனே நெடுங்காலமாகச் சொல்வதும் இதுதான்: லெம்னோஸ்காரர்கள் மேற்கிலிருந்து போய்க் குடியேறியவர்கள்.

கடலோடி

அப்படியானால் தாழிக்காட்டின் கேள்வியை உங்களிடமும் திருப்புகிறேன். லெம்னோஸில் வில்லனோவாத் தாழி எங்கே? எத்ருஸ்கக் கருஞ்சாடிகளோடு ஒரு குடியிருப்பு எங்கே? தீவின் பானை தீவினுடையது. அதோடு லெம்னியத்தில் "ஒ" இருக்கிறது, "உ" இல்லை, எத்ருஸ்கத்தில் தலைகீழ். 2009இல் லெம்னோஸின் ஹெஃபாய்ஸ்தியா ஊரில் கிடைத்த இரண்டாவது வாசகமும் அதே மொழியில் இருப்பதால், ஒற்றைக் கடற்கொள்ளையன் விட்டுப்போன கல் என்று சொல்ல முடியாது. அந்த ஊரே அந்த மொழி பேசியது. "நாஃபோத்" எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதே உறுதியில்லை. அதன் முதல் உயிர் "ஆ", நெபோஸில் "எ".

வேர்ச்சொல்

உயிரெழுத்து வேறுபாடு நியாயமான அடி. நாஃபோத்தின்மேல் வீடு கட்டமாட்டேன். லெம்னியமும் எத்ருஸ்கமும் ஓரிரு நூற்றாண்டில் பிரிந்தவை அல்ல, இன்னும் முன்னே பிரிந்தவை என்பதில் நீங்களும் நானும் ஒன்றே. அப்படிப் பிரிந்த காலம் இரண்டாம் ஆயிரத்தாண்டின் கடைசி என்றால், அது சரியாக எரிப்புக் காலத்துக்குள் போய் விழுகிறது.

தாழிகளும் இதில் உதவாது. வில்லனோவாவுக்கு முந்தைய அந்தத் தாழிப் பண்பாடு எத்ரூரியாவில் மட்டுமா? ரோமைச் சுற்றிய லாத்தியத்திலும் இருக்கிறது, வெனெத்தோவிலும் இருக்கிறது. அங்கெல்லாம் பின்னால் கேட்பது இந்தோ ஐரோப்பிய மொழி. ஒரே தாழி, மூன்று மொழி. பாஸ்குகளைப் பாருங்கள்: ஸ்தெப்பி மரபணு உண்டு, மொழியோ இந்தோ ஐரோப்பியம் இல்லை. மரபணுவுக்கும் பானைக்கும் வாய் கிடையாது. 1947இல் தொல்லியலாளர் மாசிமோ பல்லொத்தினோ, "எங்கிருந்து வந்தார்கள்" என்பதை விட்டு "எப்படி உருவானார்கள்" என்று கேட்கச் சொன்னார். மொழியைப் பொறுத்தவரை அந்த அறிவுரையை நான் ஏற்கவில்லை. மொழிக்கு ஓர் ஊர் இருந்தே ஆக வேண்டும்.

எலும்புத்தூள்

எரிப்புக் காலம் முழு இருட்டு என்று இருவரும் சொல்வதைத் திருத்த வேண்டும். 600 டிகிரி தாண்டினால் எலும்பின் கரிமப்பொருள் போய்விடும், மரபணு கிடையாது, சரி. ஆனால் ஸ்ட்ரான்சியம் தங்கும். வெண்மையாகச் சுட்ட எலும்பு பின்னால் மண்ணிலிருந்து எதையும் எளிதில் உறிஞ்சாது. அதே காதெலும்பின் உட்பகுதி பிறந்து சில ஆண்டுக்குள் உருவாகி, பிறகு மாறுவதே இல்லை. எனவே தாழிக்குள் கிடக்கும் ஒருவர் குழந்தையாக எந்தப் பாறை நிலத்துத் தண்ணீரும் தானியமும் உண்டார் என்று ஸ்ட்ரான்சியம் 87க்கும் 86க்கும் உள்ள விகிதம் சொல்லும். கரிந்து கறுத்த துண்டை எடுக்கக்கூடாது. முழுக்க வெளுத்ததை மட்டும் எடுத்து, மெல்லிய அமிலத்தில் மேற்பரப்பைக் கழுவிவிட்டு அளக்க வேண்டும்.

இதில் தவறு நேரும் இடம் இரண்டு. தர்க்குவினியாவைச் சுற்றி எரிமலைப் பாறை. மேற்கு அனடோலியாவிலும் எரிமலைப் பாறை. விகிதங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் வந்தவரும் இருந்தவரும் ஒன்றாகவே தெரிவார்கள். இரண்டாவது, இது முதல் தலைமுறையை மட்டும் பிடிக்கும். வந்தவரின் மகள் தர்க்குவினியாத் தண்ணீரில் வளர்ந்தவள். அவள் எலும்பு உள்ளூர் என்றே சொல்லும்.

கடலோடிக்கு ஒரு நம்பிக்கை தருகிறேன். எல்லாரையும் எரிக்கவில்லை. தர்க்குவினியாவின் பியான் தி சிவித்தாவில், ஊருக்கு நடுவே, சடங்கிடமாகப் புழங்கிய ஒரு பாறைப் பிளவை ஒட்டி, 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு குழந்தை எரிக்கப்படாமல் புதைக்கப்பட்டிருக்கிறது. மூளை நோயின் தடம் எலும்பில் தெரிகிறது. வலிப்பு வந்த பிள்ளை என்கிறார்கள். இப்படி எரிக்காத உடல்கள் 12, 11, 10ஆம் நூற்றாண்டு அடுக்குகளில், கடலோர ஊர்களில், பத்துப் பதினைந்து கிடைத்தால் போதும். அஷ்கெலோனில் நான்கு குழந்தைகளே கதையை மாற்றின.

தாழிக்காடு

அந்தப் பிள்ளையை எல்லாருக்கும் மாதிரியாக எடுக்கலாமா? ஊரே எரிக்கும்போது ஒருவனை மட்டும் புதைத்தார்கள் என்றால் அவன் ஏதோ வகையில் தனித்து நிறுத்தப்பட்டவன். நோய் காரணமாக இருக்கலாம், வேற்றூர்ப் பிறப்பு காரணமாக இருக்கலாம். அதே இடத்தில் 8ஆம் நூற்றாண்டில் புதைத்த ஓர் ஆணுக்குப் பக்கத்தில் யூபோயியத் தீவுப் பானை இருந்தது. அவன் கடல்வழி வந்தவனாக இருக்கலாம் என்பதே பலர் கருத்து. எரிக்காதவர்களை மட்டும் பொறுக்கி எடுத்தால் வெளியாட்களை மட்டும் பொறுக்குவதாக ஆகலாம். அப்போது கிழக்கு மரபணு வந்தால் கடலோடி கைதட்டுவார். ஆனால் எரித்துத் தாழியில் வைத்த ஆயிரம் பேரைப் பற்றி அது எதுவும் சொல்லியிருக்காது.

கடலோடி

அப்படியானால் வீட்டுத் தரைக்கடியில் தேடச் சொல்லுங்கள். சடங்கிடத்தில் வேண்டாம். பால்குடி மறவாத குழந்தைகளை எரிக்காமல் குடிசைக்கு அருகிலேயே புதைக்கும் வழக்கம் பக்கத்து லாத்தியத்தில் உண்டு. அந்தக் குழந்தை தனித்து நிறுத்தப்பட்டதல்ல, சாதாரணக் குடும்பத்துப் பிள்ளை. எத்ரூரியக் கடலோரத்தில் அப்படி ஒரு தரை 11ஆம் நூற்றாண்டு அடுக்கில் திறக்கட்டும், அந்த முடிவை நான் ஏற்கிறேன், எந்தப் பக்கம் விழுந்தாலும்.

தாழிக்காடு

குடிசையை ஒட்டிப் புதைத்த கைக்குழந்தை என்றால் எனக்கும் சம்மதம். தறிக்குண்டும் அதே தரையில் கிடக்கும். இரண்டையும் சேர்த்தே பார்க்கலாம்.